ஒன்று புள்ளி ஒன்பது

பீரோவில் வேறெதையோ தேடும்போது கிடைத்தவை இந்த இரண்டு காகிதங்கள். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள். 2021 மே மாதத்தவை; நான்கு நாள் இடைவெளியில் இரண்டு வெவ்வேறு இடங்களில் எடுத்தவை. பெயரும் வயதும் இரண்டிலும் சரியாக இருக்கின்றன. எண்களும் சரியாகவே இருந்தன என்று ஒப்புக்கொள்ளத்தான் எனக்கு வெகுநாள் பிடித்தது.

பனித்திட்டு, பாகூர் கொம்யூனில் கடலை ஒட்டிய ஊர். கிருமாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டிறங்கிக் கிழக்கே போகவேண்டும். 2004இல் கடல் உள்ளே வந்துவிட்டுப் போன ஊர்களில் ஒன்று. அந்த மே மாதத்தில் எங்கள் தெருவில் இருமல் கேட்காத வீடு இல்லை. பெரியப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல். பெரியப்பா பீடிக்காரர், சர்க்கரையும் உண்டு. அம்மா கூடை சுமந்து மீன் விற்றவள். ஒரு வியாதியும் கிடையாது. காய்ச்சலின் நாலாம் நாள் இருவருக்கும் ரத்தம் எடுத்தோம். சி.ஆர்.பி. பெரியப்பாவுக்கு 112, அம்மாவுக்கு 9. பெரியப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்தது. அம்மாவை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்த நாளில் அந்த எண்களை வைத்துக்கொண்டு வேறென்ன சொல்லியிருக்க முடியும்?

சி.ஆர்.பி. என்பதை நான் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். முன்னே படிக்காததைப் பின்னே படிப்பது ஒருவகைப் பிராயச்சித்தம் போலும். 1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் இன்ஸ்டிட்யூட்டில் டில்லெட், ஃபிரான்ஸிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் அதைக் கண்டார்கள். நிமோகாக்கஸ் கிருமியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளுக்கு 'சி' என்று பெயர். நோய் உச்சத்தில் இருப்பவனின் ரத்தநீரோடு அதைச் சேர்த்தால் படிவு விழுந்தது; நோய் தெளிந்தபின் அதே மனிதனின் ரத்தநீரில் விழவில்லை. ஆக, நம் ஈரல் செய்யும் ஒரு புரதத்துக்குக் கிருமியின் உடைமையை வைத்துப் பெயர். உடம்பில் எங்கேனும் அழற்சி கிளம்பி இன்டர்லூக்கின்-6 என்ற தூதுப்பொருள் ஈரலை எட்டினால் சில மணி நேரத்தில் இது ஏற ஆரம்பிக்கும். ஒன்றிரண்டு நாளில் பல மடங்காகிவிடும். எங்கே, எதனால் என்று சொல்லாது. பாக்டீரியாவைக் கொண்டு கண்டுபிடித்த ஒன்றைத் தொண்ணூறு வருஷம் கழித்து ஒரு வைரஸ் நோயின் கடுமையை முன்னறியப் பயன்படுத்தினோம்.

கொரோனாவில் முதல் வாரம் பெரும்பாலும் வைரஸுடையது. இரண்டாவது வாரத்தில் பலருக்கு ஆபத்து தம் உடம்பின் எதிர்வினையிலிருந்தே வருகிறது. நாலாம் நாள் எடுத்த 9 என்பது நாலாம் நாளைப் பற்றி மட்டுமே பேசியது. நான் அதைப் பத்தாம் நாளுக்கும் சேர்த்து வாசித்துவிட்டேன்.

எட்டாம் நாள் அம்மாவுக்குப் படியேறினால் இளைத்தது. முதலில் போன இடத்தில் கூட்டம்; வேறொரு இடத்துக்குப் போனேன். அங்கே சி.ஆர்.பி. பார்க்க மருந்து தீர்ந்துவிட்டதாம். டி-டைமர் மட்டும் பார்த்தார்கள். முதல் காகிதத்தில் டி-டைமர் 412. இரண்டாவதில் 1.9.

நான் சந்தோஷப்பட்டேன். இதைத்தான் எழுத வந்தேன்.

முதல் கூடம் ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை நானோகிராம் என்று அச்சடித்திருந்தது. இரண்டாவது கூடம் எத்தனை மைக்ரோகிராம் என்று. ஒரு மைக்ரோகிராமுக்கு ஆயிரம் நானோகிராம். 412 என்பது 0.41, வழக்கமாகச் சொல்லும் 0.5 என்ற எல்லைக்குள். 1.9 என்பது 1900. நாலே நாளில் நாலு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. அலகு, எண்ணுக்குப் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் இருக்கிறது. நான் பள்ளியில் பௌதிகம் படித்தவன். போதாக்குறைக்கு, ஒரே அலகிலும் இரண்டு கணக்குமுறைகள் உண்டு, ஒன்று மற்றதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு காட்டும் என்றும் பிறகு அறிந்தேன். என் தவறுக்கு அவ்வளவு நுட்பம் தேவைப்படவில்லை.

டாக்டருக்குப் போன் செய்தேன். அன்று எத்தனையாவது போனோ அவருக்கு. "டி-டைமர் கொறஞ்சிருக்கு சார்" என்றேன். எண்ணைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆக்ஸிஜன் எவ்வளவு என்றார். விரலில் மாட்டும் கருவி 94 காட்டியது. கறுத்த தோலில் அந்தக் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க ஆய்வொன்று 2020 டிசம்பரிலேயே சொல்லியிருந்தது. வெயிலில் கூடை சுமந்த கை அம்மாவுடையது. காலையில் பார்ப்போம் என்றார்.

"இன்னாடா எழுதியிருக்கு?"

"கொறஞ்சிருக்கும்மா."

"கொறஞ்சிதுன்னா அப்பறம் ஏன்டா மூச்சு முட்டுது?"

அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவள். மீனை வாங்குமுன் செவுளைப் பிரித்துப் பார்ப்பாள். சிவப்பின் தரம் பார்த்து எத்தனை மணிக்கு வலையில் ஏறியது என்று சொல்வாள். கண்ணைப் பார்ப்பாள், விரலால் அழுத்திப் பள்ளம் எழும்புகிறதா என்று பார்ப்பாள். மூன்றும் ஒத்துவராவிட்டால் வாங்கமாட்டாள். ஒன்றை மட்டும் நம்பி வாங்குகிறவனை அவள் வியாபாரி என்று மதித்ததில்லை.

டி-டைமர் ஒரு அறுந்த வலைத்துண்டு. ரத்தம் உறையும்போது ஃபைப்ரின் இழைகள் ஒன்றோடொன்று முடிச்சிட்டு வலையாகின்றன. வேலை முடிந்ததும் உடம்பே அதை அறுத்தெறிகிறது. முடிச்சோடு ஒட்டிக்கொண்டு மிதக்கும் மிச்சம்தான் டி-டைமர். கரையில் நிறைய வலைத்துண்டு ஒதுங்கினால் உள்ளே எங்கோ ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். என்ன நடந்தது என்பது வேறு விஷயம். கர்ப்பத்திலும், அறுவைக்குப் பிறகும், வெறும் மூப்பிலும்கூட அது ஏறும்.

மறுநாள் விடியுமுன் உதடு நீலம் பாரித்தது. படுக்கை கிடைத்தது. ஐந்தாம் நாள் முடிந்துவிட்டது. ராத்திரியே கொண்டுபோயிருந்தால் என்ற கேள்விக்கு எந்த ரத்தத்திலும் பதில் இல்லை. ஆக்ஸிஜன் தேவைப்படுகிறவர்களுக்கு டெக்ஸாமெத்தஸோன் சாவைக் குறைக்கிறது என்பது 2020 ஜூனிலேயே தெரிந்த விஷயம். பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வில் ஆக்ஸிஜனில் இருந்தவர்களிடையே ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. பெரியப்பாவுக்கு ஆக்ஸிஜன் ஏற்றிய அன்றே அந்த மாத்திரை கிடைத்தது. மோசமான எண், அவரை நேரத்தோடு கொண்டுபோய்ச் சேர்த்தது. நல்ல எண் அம்மாவை வீட்டில் உட்கார்த்தி வைத்தது. ஜோசியம் பலித்ததா, பொய்த்ததா? கேட்டு நடந்தால் பொய்த்துப்போகும் ஜோசியம் இது, பொய்த்துப்போவதற்கென்றே சொல்லப்படுவது.

வூஹானின் இரண்டு ஆஸ்பத்திரிகளில் 191 பேரைப் பார்த்து 2020 மார்ச்சில் ஒரு கட்டுரை வந்தது. 54 பேர் இறந்திருந்தார்கள். சேரும்போதே டி-டைமர் ஒரு மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தவர்களில் சாவு அதிகம். அதன்பின் உலகமெங்கும் முன்கணிப்புச் சூத்திரங்கள் பெருகின. அவற்றைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள் மிகப் பெரும்பாலானவை நம்பத்தக்கவை அல்ல என்று தள்ளினார்கள். நின்ற சிலவற்றில் பிரிட்டனின் 4சி என்ற கணக்கு ஒன்று. அதில் எட்டு விவரங்கள். ரத்தத்திலிருந்து வருபவை சி.ஆர்.பி.யும் யூரியாவும் மட்டும். மற்றவை வயது, பாலினம், பிற வியாதிகள், மூச்சின் வேகம், ஆக்ஸிஜன், பிரக்ஞை. அதாவது கட்டிலருகே நின்று பார்க்கிற ஒருவன் தேவை. மூச்சை எண்ண ஒரு கடிகாரம் போதும். அன்று ராத்திரி நான் அம்மாவின் மூச்சை எண்ணவில்லை. காகிதத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

(படிமங்களை எண்ணிவிட்டுக் கவிதையின் ஆயுளைச் சொல்கிற விமர்சகர்களைப் பல வருஷங்களாகக் கேலி செய்து வந்திருக்கிறேன். அவர்கள் யாரையும் கொன்றதில்லை.)

சித்த வைத்தியத்தில் நெய்க்குறி என்று உண்டு. விடியலில் பிடித்த சிறுநீரில் நல்லெண்ணெய் ஒரு சொட்டு விடுவார்கள். பாம்பாய் நீண்டால் வாதம், மோதிரமாய் வளைந்தால் பித்தம், முத்தாய் நின்றால் கபம். இதையும் அதையும் ஒன்றென்று சொல்லமாட்டேன். ஒன்று எண்ணற்றவர்களிடம் சோதித்துத் தன் தவறைக் கணக்கிட்டுக்கொண்டது, மற்றது அப்படிச் செய்துகொள்ளவில்லை. ஆனால் 'குறி' என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. குறி பார்க்கிறவன் ஒருவன் உண்டு என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. இப்போது அதை உயிர்க்குறி என்கிறார்கள், பார்ப்பவன் இல்லாமலே அது பேசும் என்பதுபோல.

2020இல் இன்னொன்றும் கண்டார்கள். நோய் முற்றியவர்களில் பத்தில் ஒருவருக்கு, வைரஸை முதலில் எதிர்க்கவேண்டிய இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்பொருள் சொந்த ரத்தத்தில் இருந்தது. 987 பேரில் 101 பேருக்கு. வயதானவர்களிடம் அதிகம். நலமாய் நடமாடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே வருஷக்கணக்கில் இருந்திருக்கும். அம்மாவுக்கு இருந்ததோ என்னவோ, எங்கள் பக்கத்தில் யாரும் அதைப் பார்க்கவில்லை. இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருக்கிறது என்பதால் அந்த நினைப்பை நான் நம்புவதில்லை.

பெரியப்பா பீடியை விட்டுவிட்டார் என்று சொல்கிறார். சவுக்குத் தோப்புப் பக்கம் போனால் வேறு தெரியும். டீக்கடையில் உட்கார்ந்தால் இன்றும் அந்தக் கதைதான். "நூத்திப்பன்னண்டு இருந்திச்சி எனக்கு. டாக்டரே பயந்துட்டாரு." போன மாசம் யாரோ நம்பவில்லையாம். வீட்டுக்கு வந்து, "என் காயிதம் ஒங்கிட்டதானடா இருக்கு, எடுத்தா" என்றார். அதைத் தேடித்தான் பீரோவைத் திறந்தேன். அவருடையது கிடைக்கவில்லை.