மட்டாஞ்சேரியில் ஒரு காமிராக் கணக்கு

மட்டாஞ்சேரியைக் காமிராவில் அடக்க விரும்புவோர் முதலில் அதன் நிழலை அறிதல் வேண்டும். 1568-இல் எழுந்த யூதர் ஆலயத் தெருவிலும், போர்த்துக்கீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்து, டச்சுக்காரர் செப்பனிட்டதால் டச்சு அரண்மனை எனப் பெயர் பெற்ற மாளிகையிலும், பஜார் ரோட்டின் மிளகு, சுக்குக் கிடங்குகளிலும் இதுவே நிலை. வெளியே கண் கூசும் வெயில். ஓரடி உள்ளே வைத்தால் அந்தி மயக்கம்.

அங்கிருந்து கோட்டைக் கொச்சிப் பக்கம் சென்றால் 'வெளி' என்னும் பகுதியில் தோபிகானா உள்ளது. டச்சுக்காரர் காலத்தில் படையினரின் துணி வெளுக்கத் தமிழகத்திலிருந்து வந்தோரின் வழியினர் தாங்கள் என்பர் அங்குள்ள குடும்பத்தார். கல்லில் துவைத்து, கஞ்சியிட்டு, கவ்வி ஏதுமின்றி முறுக்குக் கயிற்றின் இடையே துணியைச் செருகி உலர்த்துகின்றனர். கொட்டகையின் மங்கலில் பெரியவர்கள் இஸ்திரி போடுகின்றனர். இளையோர் பலர் வேறு வேலை தேடிச் சென்றுவிட்டனர். அக்கைகளைப் படமாக்கி வைக்க இனியும் காலம் தாழ்த்தலாகாது.

ரயில்வே போனஸ் பணத்தில் ஒன்றுதான் வாங்கலாம். பிள்ளைகளின் படிப்பும், ஊருக்கு அனுப்பும் பணமும் முன்னே நிற்கின்றன. புதிய பாடியா, லென்ஸா? நாம் கணக்கிட்டுப் பார்த்தோம்.

பாடியோடு வரும் சாதாரண லென்ஸில் 50 மில்லிமீட்டர் அளவில் துவாரம் எஃப் 5.6 வரையே திறக்கும். தனியாக விற்கும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் எஃப் 1.8 வரை திறக்கும். ஒளி ஏறத்தாழ பத்து மடங்கு கூடுதல். நொடியில் பத்தில் ஒரு பங்கு தேவைப்பட்ட இடத்தில் நூற்றில் ஒரு பங்கு போதும். இஸ்திரி போடும் கை கலங்காது. புதிய பாடியும் மங்கலில் ஓரளவு தெளிவு தரும். ஆயின் பத்து மடங்கு ஒளிக்கு ஈடாவது அரிது. விலையோ பன்மடங்கு.

ரயில்வேயில் நீராவி எஞ்சின் போய் டீசலும், பின்னர் மின்சாரமும் வந்தன. அகலப் பாதையின் 1,676 மில்லிமீட்டர் மாறவில்லை. காமிராவிலும் அவ்வாறே. நிக்கான் 1959-இல் அமைத்த லென்ஸ் இணைப்பு அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தது. 2018-இல் புதிய இணைப்பு வந்தபோதும், இடையே வளையம் பூட்டிப் பழைய லென்ஸுகள் பலவற்றைப் பயன்படுத்த முடிகிறது. பாடி மாறும், நல்ல லென்ஸ் தங்கும்.

ஒரு குறை உண்டு. 50 மில்லிமீட்டரில் அரண்மனையின் முழு முகப்பு அடங்காது. அதற்குப் பழைய லென்ஸே போதும். வெளியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. பாடி பழுதுற்றோர் மட்டும் பாடியை வாங்குக.

நாம் லென்ஸையே தேர்ந்தோம். தோபிகானா செல்லும் அன்பர்கள் பெரியவர்களிடம் இசைவு பெற்றே படம் எடுக்கவும். ஒரு பிரதி அச்சிட்டு அவர்கள் கையில் கொடுக்கவும். அச்செலவையும் கணக்கில் சேர்த்தே லென்ஸ் வாங்குதல் முறை.