இறுக்கிப் பிடிக்காத கை

விமானப்படையில் விமானி ஆக வேண்டும் என்று கல்லூரிப் பிள்ளைகள் தேடி வந்தால், நான் முதலில் கேட்பது மதிப்பெண்ணை அல்ல, வீட்டில் இஞ்ச் டேப் இருக்கிறதா என்றுதான். உயரம் 162.5 செ.மீ.க்குக் குறையக் கூடாது. கால் நீளம் 99 முதல் 120 வரை, உட்கார்ந்த உயரம் 81.5 முதல் 96 வரை இருக்க வேண்டும். தொடை நீளம் 64-ஐத் தாண்டக் கூடாது. கால் குட்டையானால் ரட்டர் பெடல் எட்டாது. தொடை நீண்டால், ஆபத்தில் இருக்கையோடு வெளியே வீசப்படும்போது முழங்கால் அடிபடும். மந்தாரக்குப்பத்து வீட்டில் சுவரில் முதுகை ஒட்டி உட்காரவைத்து அம்மா அளந்து சொன்ன எண்களை இயற்பியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைத்தேன். அளவு சரிப்பட்ட பிறகே புத்தகம் வாங்கினேன்.

எழுத்துத் தேர்வான ஆஃப்கேட் ஆண்டுக்கு இரண்டு முறை வரும். 100 கேள்வி, 300 மதிப்பெண். தப்பான விடைக்கு 1 குறையும். ஒழுங்காக உழைத்தால் வந்துவிடும். தவறினாலும், வயது வரம்புக்குள் மறுபடி எழுதலாம். எழுத்துத் தேர்வுக்குப் பிறகு அழைக்கும் மைசூரு தேர்வு வாரியத்துக்கும் மறுபடி போகலாம்.

சி.பி.எஸ்.எஸ். அப்படியில்லை. டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய இந்தக் கணினிவழி விமானித் தேர்வு வாழ்நாளில் ஒரே முறைதான். விமான மீட்டர்களைப் படித்துச் சொல்ல வேண்டும். பிறகு கையில் ஜாய்ஸ்டிக், காலடியில் பெடல். திரையில் நழுவிக்கொண்டே இருக்கும் புள்ளியை அடக்கி வைக்க வேண்டும்.

அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் பக்கெட் வீல் இயந்திரம் ஓட்டியவர். நான் அந்தத் தேர்வுக்குக் கிளம்பிய அன்று வாசலில் நின்று சொன்னார்: "லீவர இறுக்கிப் புடிக்காதப்பா. கை இறுகிட்டா மெசின் என்ன சொல்லுதுன்னு தெரியாது." நிலக்கரி வெட்டுகிற யந்திரத்துக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். தேர்வில் புள்ளி விலகியதும் பதறி இழுத்தேன். அது எதிர்ப்பக்கம் பாய்ந்தது. அங்கிருந்து இழுக்க, இன்னும் தூரம் போனது. கொஞ்சம் அசைத்துவிட்டு, அது திரும்பிவர ஒரு கணம் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு கணம் எனக்கு வாய்க்கவில்லை. என் விமானிக் கனவு அன்றோடு முடிந்தது.

காத்திருக்கிற அந்தக் கையைப் பழக்கத்தான் முடியும், படித்து வராது. அதனால் என்னிடம் வரும் பிள்ளைகளைச் சந்தைக் கூட்டத்தில் கிளட்சையும் பிரேக்கையும் மட்டும் நம்பிக் காரை ஊரவிடச் சொல்கிறேன். சைக்கிளை நடையை விட மெதுவாக, கால் ஊன்றாமல் ஓட்டச் சொல்கிறேன். மேஜைப்பந்து ஆடச் சொல்கிறேன். 2016 ஜூனில் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் என்ற மூன்று பெண்கள் போர் விமானப் பிரிவுக்குள் நுழைந்தார்கள். அதனால் இப்போது பெண்பிள்ளைகளும் என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்கும் இதே பயிற்சிதான்.

கை பழகாமல் சி.பி.எஸ்.எஸ். நாற்காலியில் போய் உட்காராதீர்கள். வயது இடம் கொடுத்தால் ஆறு மாதம் பொறுத்து, அடுத்த ஆஃப்கேட்டுக்கு விண்ணப்பியுங்கள்.