எல்லையும் உறையும்

துப்பாக்கி லைசென்ஸ் என்பது கட்டங்களால் ஆனது. பெயர், தகப்பன் பெயர், புகைப்படம், துப்பாக்கியின் எண், வாங்கக்கூடிய தோட்டா எத்தனை. எனக்கு இவற்றில் முக்கியமாகப் படுவது உரிமம் எந்தப் பரப்புக்குள் செல்லும் என்று குறிக்கும் கட்டம். சிலருக்கு அதில் ஒரு மாவட்டம்; சிலருக்கு மாநிலம்; மிகச் சிலருக்கே இந்தியா முழுவதும். மனிதன் தேசத்தில் எங்கும் போகலாம் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. அவன் கையிலிருப்பதற்கு மட்டும் ஓர் ஊர் உண்டு.

உடுமலைக்குத் தெற்கே மலையடிவாரத்தில் என் பெரியப்பாவுக்கு ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. பன்றி விரட்ட, பயிர்ப் பாதுகாப்பு என்ற காரணத்தில் வாங்கிய உரிமம். அவர் சுட்டு நான் பார்த்ததில்லை. தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவார், முடிந்ததும் திரும்ப எடுத்து வருவார். உரிமத்தில் கோயமுத்தூர் மாவட்டம் என்றிருந்தது. 2009-ல் திருப்பூர் தனி மாவட்டமாகி, உடுமலை அதில் சேர்ந்தது. துப்பாக்கி சுவரில் மாட்டிய கொக்கியிலேயே இருந்தது, நகர்ந்தது மாவட்டம்தான்.

மகளை மறையூரில் கொடுத்திருந்தார். உடுமலையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. அங்கே கரும்புக்காடு, பன்றி இங்கேயைவிட அதிகம். துப்பாக்கியை மருமகனிடம் கொடுத்துவிடலாம் என்று அவருக்கு வயதான காலத்தில் ஒரு யோசனை. ஆனால் சாலை ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் புகுந்து, சின்னாற்றில் மாநிலத்தைத் தாண்டி, கேரளத்தின் சரணாலயத்துக்குள் போகிறது. 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது என்கிறது. ஆக, உரிமத்தின் பரப்பு ஒன்று, காடு இரண்டு, மருமகன் வாங்க வேண்டிய உரிமம் ஒன்று. பெண் அந்தச் சாலையில் போனாள், வெல்லம் வந்தது, பேரன்கள் லீவுக்கு வந்தார்கள். துப்பாக்கி போகவில்லை. 'என்னைய விடறான், இதை விடமாட்டேங்கறான். ரெண்டுக்கும் ஒரே வயசு கண்ணு' என்பார்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் திருப்பூர் நகரத்தின் கன்மேன்கள். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் இரட்டைக்குழலோடு வந்தவர்கள். வங்கி வாசலிலும் பண வண்டியின் பின்கதவிலும் நிற்கிறார்கள். வெறுங்கையோடு வரும் வாட்ச்மேனுக்கு ஒரு சம்பளம், துப்பாக்கியும் லைசென்ஸும் சொந்தமாக வைத்திருப்பவனுக்கு வேறு சம்பளம். எனக்குப் பழக்கமான ஒருவர், ரயிலில் இரண்டு இரவும் துப்பாக்கியைத் துணி உறையில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்காமல் வந்ததாகச் சொன்னார். அதே பெட்டியில் பனியன் கம்பெனிகளுக்கு வந்த பையன்கள் தூங்கிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்தது கைகளை மட்டுமே. கைகளுக்குப் பரப்புக் கட்டம் கிடையாது. அதனாலேயே அவை மலிவு என்றும் சொல்லலாம்.

2016-ன் ஆயுத விதிகளின்படி பொது இடத்தில் கொண்டுபோகும் துப்பாக்கி முழுக்க மூடப்பட்டிருக்க வேண்டும். அமெரிக்காவில் மறைத்து எடுத்துச் செல்வது தனி அனுமதியின் பெயர்; அதையும் ஒரு மாநிலம் கொடுத்தால் பக்கத்து மாநிலம் ஏற்க வேண்டியதில்லை. எல்லோரும் ஏற்க வேண்டும் என்ற மசோதா 2017-ல் கீழ்ச்சபையில் நிறைவேறி, செனட்டைத் தாண்டவில்லை. அங்கே உரிமையாகக் கேட்கப்படும் மறைவு இங்கே நிபந்தனை. கன்மேனின் பிழைப்போ துப்பாக்கி கண்ணில் படுவதில்தான் இருக்கிறது. உறைக்குள் இருந்தால் அவரும் ஒரு வயதான வாட்ச்மேன்தான்.

மறைவு யாருக்கு அனுமதிக்கப்படுகிறது என்பதை 2016 மே மாதம் திருப்பூர் பக்கத்திலேயே பார்த்தோம். வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் முன்னால், இரவில், செங்கப்பள்ளி அருகே மூன்று கண்டெய்னர் லாரிகளைத் தேர்தல் பறக்கும் படை பிடித்தது. உள்ளே 570 கோடி ரூபாய். காவலுக்கு வந்தவர்கள் ஆந்திரப் போலீஸ் என்று சொன்னார்கள், ஆனால் சீருடையில் இல்லை. கோவையிலிருந்து விசாகப்பட்டினத்துக்குப் போகும் தன் பணம் என்றது ஸ்டேட் வங்கி. ஜூலையில் உயர்நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரிக்கட்டும் என்றது. ஐம்பதாயிரத்துக்கு மேல் கையிலிருந்தால் கணக்குக் கேட்ட அதே சாலையில், அதே வாரம், இது நடந்தது. வழக்கின் முடிவைவிட, அந்த இரவில் யாரை யார் நம்புவது என்று எழுந்த குழப்பமே என் மனதில் நிற்கிறது.

இந்தக் குழப்பத்துக்கு வெளியே பிறப்பாலேயே நிற்பவர்களும் உண்டு. குடகர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் உரிமமே தேவையில்லை. குடகுக்கு வெளியே பிரயாணம் செய்யும்போதும் ஒரு ரைபிளும் நூறு தோட்டாவும், ஒரு ரவைத் துப்பாக்கியும் 500 தோட்டாவும் வரை வைத்திருக்கலாம். வெள்ளைக்காரன் கொடுத்த சலுகை. 2019-ல் இன்னும் பத்தாண்டுக்கு நீட்டிக்கப்பட்டது. 2021-ல் கர்நாடக உயர்நீதிமன்றம் அது செல்லும் என்றது. குடகர் தம் துப்பாக்கியை வழிபடுகிறவர்கள். அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் லிட்டன் காலத்து 1878 சட்டம் ஐரோப்பியருக்கு விலக்களித்ததன் பின்னிருந்த மனோபாவம், இன்னார் பிறப்பால் நம்பத் தகுந்தவர் என்பது, சட்டம் 1959-ல் மாறிய பிறகும் ஒரு மூலையில் ஜீவித்திருக்கிறது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

துப்பாக்கி எல்லோர் கையிலும் எல்லை தாண்டிப் போகவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பெரியப்பாவின் துப்பாக்கி மறையூர் போகாததால் சில பன்றிகள் பிழைத்திருக்கும், அது நல்லதே. அரசு துப்பாக்கியைப் பார்த்துப் பயப்படுவதும் நியாயம்தான். ஆனால் அந்தப் பயம் எல்லோர்மேலும் ஒரே அளவில் விழுவதில்லை. வங்கிப் பணத்துக்குச் சீருடை இல்லாத காவல், குடகருக்குப் பிறப்பு, கன்மேனுக்குக் காகிதம், பெரியப்பாவுக்குச் சின்னாறு என்று அது தரம் பிரிக்கிறது. ஒரு சமூகம் தன் மனிதர்களை எப்படி வரிசைப்படுத்தியிருக்கிறது என்று தெரிய, அது எதைத் தடுக்கிறது என்பதோடு யாருக்காக விலகிக்கொள்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். லைசென்ஸில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.