அரை வாளித் தண்ணீர்

நாங்கள் செய்த ஒரு பிழையைப் பற்றி எழுதுகிறோம். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆயினும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

ஒரு படத்தில் கண்டோம்: சின்னஞ்சிறு கண்ணாடித் தொட்டி, அதில் நீலத் துடுப்பை விசிறிபோல் விரித்த ஒரு சண்டை மீன், அடியில் கட்டை விரல் அளவில் இரண்டு தவளைகள். நம் வகுப்பு அறிவியல் மேசைக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று நால்வரும் ஆசைப்பட்டோம்.

மீனை மெயின் பஜாரில் வாங்கினோம். சென்னை கொளத்தூரில் வளர்த்தது என்றார் கடைக்காரர். அதன் பூர்வீகம் தாய்லாந்து. ‘ராஜா’ என்று பெயரிட்டோம். தவளைக்குக் காசு எதற்கு? ஐப்பசி மழையில் எங்கள் வட்டத்தின் ஓரத்துப் பள்ளம் நிரம்பியிருந்தது. ஆள் நெருங்கினால் தண்ணீர் மேலேயே தத்தித் தத்திப் பாயும் சிறு தவளைகள் அங்கே உண்டு. மூன்றைப் பிடித்துத் தொட்டியில் விட்டு, மேலே வலை கட்டினோம்.

முதல் வாரம் திருவிழாதான்! இடைவேளை மணி அடித்தால் மேசையைச் சுற்றிக் கூட்டம். காலை, மாலை மீன் தீவனம் போட்டோம். ராஜா பாய்ந்து வந்து விழுங்கினான். தவளைகள் திரும்பியும் பார்க்கவில்லை. “நாளாக நாளாகப் பழகிவிடும்” என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். ஒன்பதாம் நாள் காலை ஒரு தவளை வயிறு மேலாக மிதந்தது. அன்று யாரும் மதிய உணவைச் சரியாகச் சாப்பிடவில்லை.

டீச்சர் எங்களைக் கோபிக்கவில்லை. “தீவனம் போட்டீர்கள், சரி. அது உணவு என்று தவளைக்குத் தெரிந்ததா?” என்று மட்டும் கேட்டார். பிறகு விளக்கினார். நம் ஊர்த் தவளை அசைவதைக் கண்டுதான் இரை என்று அறியும். அசையாத தீவனம் அதற்குக் கல் மாதிரி. படத்தில் இருந்ததோ மத்திய ஆப்பிரிக்காவின் குட்டைத் தவளை. அது வாழ்நாள் முழுவதும் நீரிலேயே இருப்பது. மோப்பத்தால் உணவைத் தேடுவது. அதுவும் மெதுவாகத்தான் உண்ணும். அதற்குள் மீன் பங்கைப் பறித்துவிடும். மேலும், தண்ணீர் குறைந்தால் கழிவு விரைவில் சேரும். தவளை தோலாலும் சுவாசிக்கும் பிராணி. அழுக்கு நீர் அதன் உடம்புக்குள்ளேயே இறங்கும்.

கேட்கக் கேட்கத் தலை குனிந்தோம். சுரங்கத்துக்காக இரவும் பகலும் நிலத்தடி நீரை இறைத்துக் கொட்டும் ஊர் நம்முடையது. அந்த ஊரில் இருந்துகொண்டு நான்கு உயிர்களுக்கு நாங்கள் அளந்து வைத்தது அரை வாளித் தண்ணீர்!

அன்று மாலையே மற்ற இரண்டையும் அதே பள்ளத்தில் விட்டோம். ஒன்று உடனே மறைந்தது. மற்றொன்று கண்ணை மட்டும் வெளியே நீட்டிச் சற்று நேரம் எங்களைப் பார்த்தது; பிறகு தத்தித் தத்திப் போயிற்று. ராஜாவை அங்கே விடவில்லை. அயல்நாட்டு மீனை நம் நீர்நிலையில் விடுவது தவறு. அவன் இப்போது பெரிய தொட்டியில் தனியாக வாழ்கிறான். வாரந்தோறும் தண்ணீரில் ஒரு பங்கை மாற்றுகிறோம். குழாய் நீரை ஒரு நாள் திறந்து வைத்த பிறகே ஊற்றுகிறோம்.

தோழியரே, ஓர் உயிரை வீட்டுக்குக் கொண்டுவர ஆசையா? அது எதைத் தின்னும், எங்கே வாழும் என்று முதலில் கேட்டறியுங்கள். நாங்கள் கேட்க மறந்ததற்கு ஒரு சிறு தவளை விலை கொடுத்தது.

— ஒன்பதாம் வகுப்பு மாணவியர் நால்வர்