ஆம்பூர்க்காரன் போட்ட ஊறல்

ஊரில் கள் இறக்க அனுமதி கேட்டு மறுபடி பேச்சு கிளம்பியிருக்கிறது. மாமா வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார்: "நம்ம ஜனங்களுக்குக் குடிக்கத் தெரியாதுடா மாப்ளே. தெறந்து வுட்டா அழிஞ்சிடுவானுங்க." 'நம்ம ஜனங்க' என்னும்போது மாமா தன்னைச் சேர்த்துக்கொள்வதில்லை. தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நிற்கிறவனைச் சொல்கிறார். அவருக்கு பாட்டில் பெங்களூரிலிருந்து காரில் வந்துவிடும்.

நான் இருப்பது நார்தாம்ப்டன். தோல், செருப்புத் தொழில் தெரிந்தவர்களுக்கு இந்த ஊரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தோல் படிக்க வந்து தங்கிவிட்டவர்களில் நானும் ஒருவன். (ஊர்க் கால்பந்து அணியின் செல்லப்பெயரே 'காப்ளர்ஸ்'. நம் பக்கம் ஒரு கபடிக் குழுவுக்குச் செருப்புத் தைப்பவர்கள் என்று பெயர் வைத்துப் பாருங்கள்.) இங்கே, என் சமையலறையில், முதன்முறையாக பீர் போட்டேன்.

புதிதாகக் கற்க அதிகம் இல்லை. முளைகட்டி உலர்த்திய பார்லியை 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் அதன் என்சைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். டிரம்மில் என்சைம் போட்டுத் தோலை இளக்குகிறவனுக்கு இதில் என்ன அதிசயம்? சூடு கூடினால் என்சைம் செத்துப்போகும், அங்கேயும் இங்கேயும். சாற்றை வடித்து, ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறியதும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டேன். 1.045. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் அப்பா மிதக்கவிட்ட பார்க்கோமீட்டரில் இதுவே 45. அதே கண்ணாடிக் குழல், அதே கணக்கு. பார்லி உமியை அதிகச் சூட்டில் அலசினால் டானின் இறங்கி நாக்கு வறளும் என்று புத்தகம் எச்சரிக்கிறது. கடுக்காய்த் தண்ணீர் பட்ட விரலை நக்கிப் பார்த்து வளர்ந்தவர்களுக்கா டானின் பாடம்?

இந்த நாட்டை நான் மெச்சுவது பீருக்காக அல்ல, 1963-க்காக. வீட்டில் பீர் காய்ச்ச 1880 முதல் லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது. 1963 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மோட்லிங் அதை ஒரேயடியாக எடுத்துவிட்டார். விற்காதவரை உன் வாளி, உன் பாடு. யோக்கியன் யார், குடிகாரன் யார் என்று ஆள் பார்க்கவில்லை. மருந்துக்கடையிலேயே கிட் விற்றார்கள், நாடு முழுகிவிடவில்லை. எங்கள் வடஆற்காட்டுக்கு ராஜாஜியின் மதுவிலக்கு 1939-ல் வந்தது, சேலத்துக்கு அதற்கு இரண்டு ஆண்டு முன்பே. பிறகு எடுத்தார்கள், போட்டார்கள். கடைசியில் 1987 முதல் கள்ளுக்குத் தடை, 2003 முதல் பாட்டில் விற்பது அரசின் டாஸ்மாக். அரசு விற்றால் வருமானம், பனையேறி இறக்கினால் வழக்கு. மலையடிவாரத்தில் போலீஸ் ஊறலைக் கவிழ்க்கும் படம் பேப்பரில் வரும்போதெல்லாம் நான் பேரலைத்தான் பார்க்கிறேன். என் சமையலறை மூலையில் இருப்பது அதன் வெள்ளைத் தம்பி.

கள்ளக்குறிச்சியை மறந்துட்டியா என்பார் மாமா. 2024-ல் அங்கே 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தனால் என்ற ரசாயனம். ஈஸ்டும் அல்ல, பனையும் அல்ல. ஆனால் டாஸ்மாக்கை மூடச் சொல்லி மறியலில் உட்காரும் பெண்களிடம் எனக்கு வாதம் கிடையாது. நாளெல்லாம் ஷூ கம்பெனியில் அப்பர் தைத்துவிட்டு வந்து, புருஷனின் சம்பளம் எங்கே என்று தேடுகிறவள் அவள்.

அதற்காக வெள்ளைக்காரனுக்குக் குடிக்கத் தெரியும் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். வெள்ளிக்கிழமை ராத்திரி டவுனில் ஒரு நடை நடந்து பார்க்கட்டும். இன்னொன்று: இங்கே குழாயைத் திறந்து, குளோரின் போக ஒரு மாத்திரை போட்டு, அந்தத் தண்ணீரிலேயே பீர் போட்டேன். ஆம்பூரில் கேன் வாங்க வேண்டும். தோல் கழிவில் பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்ட கதை 1996-லேயே, வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் ஏறிவிட்டது. நார்தாம்ப்டன் தோல் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. வேலை எங்கள் பக்கம் வந்தது. பூட்ஸ் இவர்களுக்கு, குரோமியம் எங்களுக்கு. நேன் ஆற்றங்கரையில் கார்ல்ஸ்பெர்க் ஆலையைத் தாண்டிப் போகும்போது இந்த எரிச்சல் வராமல் இருந்ததில்லை.

அடுத்து கேழ்வரகில் போடப்போகிறேன். முளைகட்டி, காயவைத்து, அரைத்துப் பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சுகிற எங்கள் ஊர்ப் பெண்கள் செய்வது மால்ட் அல்லாமல் வேறென்ன? அதே தானியத்தை நொதிக்கவைத்து சிக்கிமில் தோங்பா என்று விருந்தாளிக்குக் கொடுக்கிறார்கள், சிக்கிமும் இந்தியாதான். தானியம் பொடிசு, உமியும் கிடையாது, வடிக்கும்போது அடைத்துக்கொள்ளும். அம்மா மாதிரி பழைய வேட்டித் துணியில் கட்டிப் பிழிய வேண்டியதுதான்.