மூட்டை மேல போட்டிருக்கிற பேரு

பாலில் தண்ணி, மிளகாய்த்தூளில் செங்கல்பொடி. கலப்படம்னா நமக்கு உடனே ஞாபகம் வர்றது இதுதான். ஆனா 1973ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துல நடந்தது வேற ரகம்.

மிச்சிகன் கெமிக்கல்னு ஒரு கம்பெனி. ஒரே இடத்துலேர்ந்து ரெண்டு சரக்கு. ஒண்ணு 'நியூட்ரிமாஸ்டர்', கறவை மாட்டுத் தீவனத்தில் சேர்க்கிற மெக்னீசியம் ஆக்சைடு. இன்னொண்ணு 'ஃபயர்மாஸ்டர்', பிளாஸ்டிக் சீக்கிரம் தீப்பிடிக்காம இருக்கச் சேர்க்கிற பிபிபி ரசாயனம். வழக்கமா தனித்தனி கலர்ல அச்சடிச்ச பை. அது தட்டுப்பாடாகிப் போக, சாதாரணப் பையில பேரை மட்டும் போட்டு அனுப்பினாங்க. ரெண்டுக்கும் பாதிப் பேரு ஒண்ணுதானே! மூட்டை மாறிப் போச்சு. தீவன ஆலையில கலந்து மாநிலம் பூரா பரவிடுச்சு.

மாடுங்க தீனி எடுக்கலை, பால் வத்திப்போச்சு. கெமிக்கல் இன்ஜினியரிங் படிச்ச ஒரு பண்ணைக்காரர் விடாம அலைஞ்சதாலதான் 1974ல் காரணம் தெரிஞ்சது. அதுக்குள்ள ஜனங்க மாசக்கணக்கா அந்தப் பாலையும் கறியையும் சாப்பிட்டாச்சு. சுமார் 30,000 மாடுகளும் 15 லட்சம் கோழிகளும் அழிக்கப்பட்டன.

சரி, சட்டம் என்ன பண்ணுச்சு? ரசாயனக் கம்பெனிக்கும் தீவனம் கலந்த நிறுவனத்துக்கும் ஆளுக்கு 4,000 டாலர் அபராதம். அவ்ளோதான்! நஷ்டஈடு தனியா கோடிக்கணக்கில் கொடுத்தாங்க, இல்லேன்னு சொல்லலை. ஆனா குறைஞ்ச அளவு ரசாயனம் ஏறின மாடுகளை வச்சிருந்த ஒரு விவசாயி கோர்ட்டுக்குப் போனார். ஒரு வருஷத்துக்கு மேல விசாரணை. 1978ல் தோத்துட்டார். அந்த அளவு மாட்டுக்குக் கெடுதல்னு நிரூபணம் ஆகலையாம்.

வேணும்னே செய்யலை, அதனால சின்ன தண்டனைங்கறது கூடப் புரியுது. எனக்கு உறுத்தறது நிரூபிக்கிற பாரம்தான். பேரை மாத்திப் போட்டவன் தலையில இல்லாம, அதை நம்பி வாங்கினவன் தலையில போய் உக்காருது.

எங்க சித்தப்பா மூணு மாடு வச்சிருக்கார். மூட்டையில புரதம் 20 சதவீதம்னு அச்சடிச்சிருக்கு. அது 20ஆ 12ஆன்னு அவர் எப்படிங்க கண்டுபிடிப்பார்? மாடும் வாய் திறந்து சொல்லாது. அதனால அவர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்: பில்லையும், மூட்டையில தைச்சிருக்கிற சீட்டையும் தூக்கிப் போடாதீங்க, ஒவ்வொரு மூட்டையிலும் ரெண்டு கைப்பிடி தனியா எடுத்து வைங்கன்னு.

"ஏன்டா, கோர்ட்டுக்கா போகப் போறோம்?"னு சிரிக்கிறார்.

போக வேண்டி வந்தா, கையில அதுவாவது இருக்கட்டுமே.