மிச்ச இடம்

என் தம்பி வீட்டுக்குள் படுப்பதில்லை. 2011-ல் திரும்பி வந்ததிலிருந்து திண்ணைதான். மழை நாட்களில் சுவரோரமாக ஒண்டிக்கொள்வான். சாரல் அதிகமானால் ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொள்வான். உள்ளே வா என்றால், 'காத்து வராது' என்பான். காற்று காரணமில்லை என்பது இருவருக்கும் தெரியும். உண்மையான காரணத்தை யோசிக்கப் போய், இடம் என்ற விஷயத்தைப் பற்றியே யோசிக்க வேண்டியதாயிற்று.

பள்ளிப்பட்டில் எங்களுடையது நெசவாளி வீடு. திருத்தணியைத் தாண்டி ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். எங்கள் தெருவில் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்துக்குள் வந்து போகும். அம்மா தறியைத் தறி என்றும் சொல்வாள், மக்கம் என்றும் சொல்வாள். 1953-ல் ஆந்திரம் பிரிந்தபோது இந்தப் பகுதி அந்தப் பக்கம் போயிற்று. 1960 ஏப்ரல் 1-ம் தேதி இந்தப் பக்கம் திரும்பி வந்தது. சக்கரமே இல்லாமல் இரண்டு முறை மாநிலம் மாறிய வீடு எங்களுடையது. ஆனால் வீட்டுக்குள் எது எங்கே இருக்க வேண்டும் என்பதில் எந்த சர்க்காரும் தலையிடவில்லை. அதைத் தீர்மானித்தது தறி.

முன்கூடம் எட்டரை அடி அகலம், இருபது அடி நீளம். பின்னால் சமையலறை. கூடத்தில் குழித்தறி. அப்பா குழியில் காலை இறக்கி உட்கார்ந்து மிதியை மிதிப்பார். பாவு ஏறிவிட்டால் அது நெய்து முடியும்வரை தறியை யாரும் அசைக்கக் கூடாது. சமையலறைக்குப் போக நாங்கள் குனிந்து பாவுக்கு அடியில் புகுந்து போவோம். விருந்தாளி வந்தால் வாசலோடு சரி. தறி எடுத்துக்கொண்டது அடிக்கணக்கு மட்டுமில்லை. கஞ்சியின் புளித்த வாசனை எங்கள் துணியில் இருந்தது. பஞ்சுத் தூசு சோற்றில் இருந்தது. நாடாவின் சப்தம் நின்றால்தான் வீட்டில் பேச்சு ஆரம்பமாகும். அதாவது காற்றையும் காதையும் நேரத்தையும் அது எடுத்துக்கொண்டது. மிஞ்சியதில் நாங்கள் இருந்தோம். இதில் யாருக்கும் புகார் இல்லை. தறி இருந்ததால் சோறு இருந்தது.

ஏழாவது ஐந்தாண்டுத் திட்டத்தின்போது நெசவாளர்களுக்குத் தறிக்கூடத்தோடு சேர்த்து வீடு கட்டித்தர ஒரு திட்டம் வந்தது. அதன் ஆங்கிலப் பெயரில் தறிக்கூடம் முதலில் வரும், வீடு பிறகு வரும். பெயர் வைத்தவர் யாரோ, நெசவாளி வீட்டைப் பார்த்திருக்கிறார்.

படுக்கை விஷயம் இப்படி. அம்மா அடுப்பின் பக்கத்தில். அப்பா தறியை ஒட்டி. கூடத்துக்கு ஒரே ஒரு பல்பு. அதன் அடியில் ஒரு பாய் விரிக்கிற அளவு தரை. நான் படிக்கிறவன் என்பதால் அது எனக்கு. தம்பி என்னைவிட நாலு வயது சின்னவன். பத்து வயதிலிருந்து பக்கத்து வீட்டுத் திண்ணையில் படுத்தான். பரீட்சை முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று அம்மா சொன்னாள். எனக்குப் பரீட்சைகள் முடியவே இல்லை. எஸ்.எஸ்.எல்.சி., பிறகு பிளஸ் டூ, பிறகு ஆசிரியர் பயிற்சி. அவன் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் சண்டை வந்திருக்கும். சண்டை வந்திருந்தால் ஏதாவது ஒரு ஏற்பாடு நடந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு வட்டாரமெல்லாம் விசைத்தறி பரவிய பின்பு அப்பாவால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1993-ல் தறியைப் பிரித்து விற்றார். கட்டைகள் போன அன்று இரவு கூடம் பயமூட்டும்படி பெரிதாக இருந்தது. அப்பா பழைய இடத்திலேயே, இல்லாத தறியை ஒட்டிப் படுத்தார். குழியை மண் கொட்டி மூடினோம். அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம். என் கட்டில் அங்கே வந்தது. அதே வருஷம் தம்பி போர்வெல் லாரியில் சேர்ந்தான். இவை இரண்டும் ஒரே வருஷத்தில் நடந்தன என்பதை வெகுநாள் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

போர்வெல் வண்டிகள் திருச்செங்கோட்டிலிருந்து புறப்பட்டு இந்தியா முழுவதும் போகிறவை. கிளம்பினால் மாதக்கணக்கில் ஊர் திரும்பமாட்டார்கள். தம்பியைச் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் அவனுக்குத் தெலுங்கு தெரியும் என்பது. 1998 மே மாதம், பள்ளிக்கூட விடுமுறையில், அம்மாவின் தொந்தரவு தாங்காமல் அவனை அழைத்துவரப் போனேன். திருப்பதி, மதனப்பள்ளி வழியாகக் கதிரி. அங்கிருந்து அனந்தப்பூர்ப் பக்கம் ஒரு கடலைக் காட்டில் வண்டி நிற்பதாகச் சொன்னார்கள். ஒன்பது நாள் அவர்களோடு இருந்தேன்.

வண்டி என்றால் இரண்டு. ஒன்றில் துளை போடுகிற இயந்திரம். அதன் கோபுரம் பிரயாணத்தில் படுத்திருக்கும், வேலையில் எழுந்து நிற்கும். இன்னொன்று ராடு வண்டி. அதில்தான் இரும்பு ராடுகள், கேசிங் குழாய்கள், டீசல் பீப்பாய்கள், தண்ணீர் டிரம், அரிசி மூட்டை, அடுப்பு எல்லாம். பதினோரு ஆட்களும் அதில்தான். ஆளுக்கு ஒரு பை. இரண்டாவது பைக்கு அனுமதியில்லை. டிரைவருக்குக் கேபின் சீட்டு. துளை போடுகிறவர் அனுபவஸ்தர், அவருக்குக் கருவிப்பெட்டியின் மேல். மற்றவர்கள் கிடைத்த இடத்தில். டீசல் பீப்பாயும் அரிசியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் சோற்றில் டீசல் வாசனை அடித்தது. நான் ஒருவன்தான் அதைக் கவனித்தேன்.

கேபினில் திருச்செங்கோட்டு அர்த்தநாரீஸ்வரர் படம். பக்கத்தில் தம்பி ஒட்டிய திருத்தணி முருகன். ஒரே உடம்பைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்ட தெய்வம் அது. அந்த லாரியில் யாருக்கும் பாதி கிடைக்கவில்லை.

அங்கே ஒரு கணக்குக் கற்றுக்கொண்டேன். ஒரு ராடு 20 அடி. 300 அடி துளைக்க 15 ராடு போதும். 600 அடிக்கு 30. தம்பி சேர்ந்த புதிதில் ராடு அடுக்கின் பக்கத்தில் லாரியின் பலகையிலேயே மூன்று பேர் காலை நீட்டிப் படுக்கலாமாம். நாலு வருஷத்தில் ஆழம் கூடிற்று, ராடும் கூடிற்று, பலகை மறைந்துவிட்டது. சாக்கை விரித்து ராடுகளின் மேல் படுத்தார்கள். நிலத்தில் தண்ணீர் கீழே இறங்க இறங்க ஆட்களின் படுக்கை மேலே ஏறியது. இப்போது ஆயிரம் அடியும் அதற்கு மேலும் போடுகிறார்கள். ஆயிரம் அடிக்கு 50 ராடு. படுக்கை இப்போது எங்கே இருக்கிறது என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

வேலை பெரும்பாலும் இரவில் நடந்தது. தண்ணீர் தட்டுகிறவரைக்கும் துளையிலிருந்து கல்மாவு புகையாக எழும்பும். தலைமயிர், இமை, சோற்றுப்பானை எல்லாவற்றிலும் வெள்ளையாகப் படியும். பகலில் லாரிக்கு அடியில் தூங்குவார்கள். நிழல் நகர, தூக்கத்திலேயே அவர்களும் நகர்வார்கள். காட்டுக்காரர் மட்டும் தூங்காமல் துளையின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். கடன் வாங்கின பணம் அடிக்கணக்கில் உள்ளே போய்க்கொண்டிருக்கும். ராடு ராடாக அவர் எண்ணுவார்.

முதல் இரவே தம்பி தன் சாக்கை எனக்குக் கொடுத்துவிட்டான். 'நீ படு அண்ணா. நான் கேபின் மேல போய்க்கறேன்.' நான் படுத்தேன். ஒன்பது நாளும் படுத்தேன். கடைசி நாள் விஷயத்தை எடுத்தேன்.

'அம்மா வரச் சொல்றாடா.'

'வந்து எங்க படுக்கறது?'

கோபமே இல்லை. ராடு எத்தனை என்று கேட்கிற மாதிரி கேட்டான். கூடத்தில் என் கட்டில் கிடந்தது. சமையலறையில் அப்பாவும் அம்மாவும். நான் பதில் சொல்லவில்லை. அவனே சொன்னான்: 'இங்க அந்தச் சாக்கு என்னுது அண்ணா. நான் இல்லாட்டியும் எவனும் அதுல படுக்கமாட்டான். நீ வந்தன்னுதான் குடுத்தேன்.'

அம்மாவிடம், சீஸன் முடிந்ததும் வருவான் என்று பொய் சொன்னேன்.

இருபது வருஷத்துக்குப் பிறகு, 2019 ஜனவரியில், அமெரிக்காவில் என் மகளோடு இருந்தபோது அரிசோனா பாலைவனத்தில் குவார்ட்ஸைட் என்ற ஊருக்குப் போனோம். சக்கர வீடுகளில் வாழ்கிறவர்கள் குளிர்காலத்தில் அங்கே வந்து கூடுகிறார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வண்டிகள். அதில் ஒரு வகைக்கு டாய் ஹாலர் என்று பெயர். விளையாட்டுச் சாமான் சுமக்கிற வண்டி. முன்பாதியில் அடுப்பும் கழிப்பறையும் படுக்கையும். பின்பாதி மோட்டார் சைக்கிளுக்கு. பின்சுவரே கீழே சாய்ந்து வண்டி ஏற்றும் பலகையாகும். அந்தப் பாதியில் இன்னும் இரண்டு படுக்கைகள் உண்டு. மின்விசையால் கூரையோடு ஏறிக்கொள்ளும். மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தால் அவை கீழே இறங்கலாம்.

ஓய்வு பெற்ற ஒரு தம்பதி உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார்கள். வீட்டை விற்றுவிட்டு ஒன்றரை வருஷமாக இதில் இருக்கிறார்கள். அவர் விசாலமாக விளக்கினார். நல்ல தண்ணீர்த் தொட்டி, கழிவுத் தொட்டி, எவ்வளவு எடைக்கு மேல் ஏற்றக் கூடாது என்ற கணக்கு. அகலத்தை மட்டும் நான் கேட்டேன். எட்டரை அடி. அந்த நாட்டு நெடுஞ்சாலைச் சட்டம் அதற்கு மேல் அனுமதிக்காது. நம் லாரியும் ஏறக்குறைய அதே அகலம்தான். எங்கள் கூடமும் அதே. எனக்குச் சிரிப்பு வந்தது.

உள்ளே பெட்ரோல் வாசனை அடித்தது. அந்த அம்மாள் அதற்காக மன்னிப்புக் கேட்டாள். இரவில் மோட்டார் சைக்கிள் திருட்டுப் போகாமலிருக்க அதை உள்ளே ஏற்றிவிடுகிறார்களாம். அதனால் பின்பாதிப் படுக்கைகள் இறங்குவதேயில்லை. 'எனக்கு ஒரு மேஜை வேண்டுமென்று சொன்னேன், தையலுக்கு. அவருக்கு அது வேண்டியிருந்தது' என்று மோட்டார் சைக்கிளைக் காட்டினாள். அவளும் கோபமாகச் சொல்லவில்லை. பேரப்பிள்ளைகளுக்குத் தைக்கிற துணியை மடியில் வைத்துத் தைக்கிறாள்.

இவர்களைப் பரிகசிப்பது சுலபம். ஒரு பக்கம் சோற்றுக்காகச் சுமக்கிற இரும்பு, இன்னொரு பக்கம் விளையாட்டுக்காகச் சுமக்கிற இரும்பு என்று எதிரெதிராக நிறுத்திவிட்டால் கட்டுரை முடிந்துவிடும். ஆனால் அந்த அம்மாளின் குரல் என் தம்பியின் குரலாக இருந்தது. அதை என்னால் ஒதுக்க முடியவில்லை. வறுமை, வசதி என்ற பேதத்தைத் தாண்டி ஒன்று அங்கே இருந்தது. இடம் குறையும்போது அது எல்லோருக்கும் சமமாகக் குறைவதில்லை. முதலில் சாமான் தன் இடத்தை எடுத்துக்கொள்கிறது. சாமானுக்காகப் பேசுகிறவன் அதன் பக்கத்தில் தன் இடத்தை எடுத்துக்கொள்கிறான். மிச்சம் எவ்வளவானாலும் அது சண்டை போடாதவர்களுக்குப் போகிறது. மடங்கும் படுக்கை, ஏறும் படுக்கை என்று எத்தனை கண்டுபிடித்தாலும் இந்தக் கணக்கு மாறவில்லை. அளவைப் பற்றிய பிரச்னை என்று நாம் நினைப்பது பெரும்பாலும் மரியாதையைப் பற்றிய பிரச்னை.

புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் குளிர்சாதனம் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்திருக்கிறது. நல்ல விதி. ஆனால் ராடுகளின் மேல் படுக்கிறவனுக்கு விதிப்புத்தகத்தில் இடம் எது என்று கேட்கத் தோன்றுகிறது. இப்போது அந்த வண்டிகளில் சத்தீஸ்கர், ஒடிசாப் பையன்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு அண்ணன் படித்திருக்கக்கூடும்.

இத்தனையும் எழுதிவிட்டு, தம்பி ஏன் உள்ளே படுப்பதில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். அப்பா போய்விட்டார். 2009-ல் அம்மாவும் போய்விட்டாள். பின்னால் இரண்டு அறைகள் கட்டியாயிற்று. என் கட்டில் எப்போதோ அங்கே போய்விட்டது. முன்கூடம் காலியாகத்தான் இருக்கிறது என்று இந்தக் கட்டுரையை ஆரம்பிக்கும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய்ப் பார்த்தேன். தறி இருந்த இடம் முழுவதும் என் புத்தகங்கள். மூடிய குழி கொஞ்சம் உள்வாங்கியிருக்கிறது. அதன் மேல் நாற்பது வருஷமாகச் சேர்த்த பத்திரிகைக் கட்டுகள், கயிறு போட்டு, இடுப்பளவு. அவற்றை யாரும் அசைக்கக் கூடாது என்று நான் பலமுறை சத்தம் போட்டிருக்கிறேன். சமையலறைக்குப் போகிறவர்கள் பக்கவாட்டில் திரும்பித்தான் போகிறார்கள்.

அன்று சாயங்காலமே ஐந்தாறு கட்டுகளைப் பரணுக்கு ஏற்றினேன். ஆறடிக்கு மூன்றடி தரை தெரிந்தது. பெருக்கித் துடைத்து ஒரு பாயை விரித்தேன். தம்பியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவன் வந்து பார்த்தான். அவனும் ஒன்றும் சொல்லவில்லை.

காலையில் எழுந்து வந்தேன். பாய் சுருட்டிச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் அவன் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. அவன் திண்ணையில் தூங்கிக்கொண்டிருந்தான்.

'என்னடா இது?' என்றேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னான்: 'மழை வந்தா நனையும் அண்ணா.'